கேட்போர் அறை

எக்ஸ்ரேக்காரன் முதன்முதலில் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போனது ஒரு சாப்பாட்டு டப்பாவைத் திரும்ப வாங்கத்தான்.

அவன் மனைவி அங்கே வரலாற்றுத் துறையில் ஆய்வு உதவியாளராக இருந்தாள். ஒரு மழைநாள் காலையில் வேலைக்குக் கிளம்பினாள், தெருமுனையில் சாலையைக் கடந்தாள், லாரி வந்தது. அவ்வளவுதான். முந்தின நாள் எடுத்துப்போன டப்பா அவள் மேஜையிலேயே தங்கிவிட்டது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, சமையலறை அலமாரித் தட்டில் அந்த டப்பாவின் இடம் மட்டும் வட்டமாகக் காலியாக இருப்பதை அவன் பார்த்தான். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அதையாவது போய் வாங்கி வரலாம் என்று நினைத்தான்.

துறையில் அவள் மேஜை இல்லை.

"காப்பகத்துக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றார் துறை எழுத்தர்.

"மேஜையவா?"

"மேஜை, அது மேல இருந்தது, கீழ இருந்தது, இழுப்பறையில இருந்தது எல்லாத்தையும். கேட்டா விதிங்கறாங்க. நாற்காலிய மட்டும் நான் ஒளிச்சு வெச்சிட்டேன். உக்கார எனக்கும் ஒண்ணு வேணும்ல?"

காப்பகம் நூலகத்தின் அடித்தளத்தில் இருந்தது. படி இறங்க இறங்கக் குளிர் ஏறியது. இரும்புக் கதவுக்கு மேல் ஒரு பலகை: 'இங்குள்ளவை அனைத்தும் எதிர்கால வாசகர்களுக்கு உரியவை.' கதவுக்குள் ஒரு முகப்பு மேஜை. அதன் பின்னால் வெள்ளைப் பருத்திக் கையுறை போட்ட ஒரு பெண்மணி. அவரைத் தலைவரிலிருந்து காவலாளி வரை எல்லோரும் கையுறை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

"பேனா வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார் கையுறை அம்மா.

"இல்ல."

"பென்சில்?"

"இல்லங்க."

"அப்ப எதுக்கு வந்தீங்க? கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மூச்சு படுது."

"எது மேல?"

"பொதுவா."

அவன் தள்ளி நின்றான். மூச்சு விஷயத்தில் அவனுக்கு மரியாதை உண்டு. அவன் வேலையே அதுதான். ஆஸ்பத்திரியில் ஆளை நிறுத்தி, தாடையைத் தூக்கி, சுவருக்குப் பின்னால் போய், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்பான். பொத்தானை அழுத்துவான். "விடுங்க" என்பான். மனைவி போன பிறகு வேலைக்குத் திரும்பிய முதல் நாள், 'விடுங்க' சொல்ல மறந்துவிட்டான். ஒரு பெரியவர் முகம் சிவந்து, கண்ணாடி வழியாக அவனைப் பார்த்து, இன்னும் எவ்வளவு நேரம் என்று கையால் கேட்டார். அவ்வளவு நல்ல படம் அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு முன் எடுத்ததில்லை என்று டாக்டர் பாராட்டினார்.

டப்பா விஷயம் என்றதும் கையுறை அம்மா உள்ளே போய்க் காப்பகத் தலைவரையே அழைத்து வந்தார். தலைவர் படிய வாரிய தலையும் மடிப்புக் கலையாத சட்டையுமாக, எதிரில் ஒருவன் நின்றாலும் ஒரு கூட்டம் உட்கார்ந்திருப்பதுபோல் பேசுகிறவர்.

"எங்க ஆழ்ந்த அனுதாபங்கள். ஒரு ஊழியர் பணியில இருக்கும்போது காலமானா, அவங்க மேஜை அந்த நிமிஷமே சேகரம் ஆயிடுது. எங்களுக்கு இது பெரிய வாய்ப்பு. ஓய்வு பெறறவங்க எல்லாத்தையும் வீட்டுக்கு மூட்டை கட்டிட்டுப் போயிடறாங்க. இறந்தவங்கதான் ஒத்துழைக்கறாங்க."

"டப்பா மட்டும் போதும் சார்."

தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விவர அட்டையைப் படித்தார். "உலோகக் கலம், வட்டம், மூடியுடன். உள்ளே உணவு, பாதி உண்ணப்பட்டது. குளிர் அறையில வெச்சிருக்கோம்."

"சாப்பாட்டையுமா?"

"பிரிக்கக் கூடாது. சேகரத்தோட ஒருமை கெட்டுடும்."

அந்தச் சாப்பாட்டைக் காலையில் அவன்தான் சமைத்துக் கட்டிக் கொடுத்திருந்தான். பாதியை ஏன் மிச்சம் வைத்தாள் என்று யோசித்தான். எப்போதும் டப்பாவைக் கழுவிய மாதிரி கொண்டுவருகிறவள்.

"இதைவிட முக்கியமானதெல்லாம் இருக்கு" என்றார் தலைவர். மேஜை தந்த மகிழ்ச்சி அவருக்கு இன்னும் அடங்கவில்லை. "ஒரு பெட்டி நிறையக் கேசட். பழைய டெலிபோன் எக்சேஞ்சுல இணைப்புக் குடுத்த பெண்கள் இருந்தாங்க இல்லையா, அவங்களை உங்க மனைவி வீடு வீடாப் போய்ப் பேட்டி எடுத்திருக்காங்க. துறைக்குப் புது ரெக்கார்டர் வாங்கற கோப்பு இன்னும் மேல இருக்கறதால, பழைய டேப் ரெக்கார்டர்லயே எடுத்திருக்காங்க. பேட்டி குடுத்தவங்க எல்லாரும் இப்ப காலமாயிட்டாங்க, கடைசியாப் பேசுன பாட்டியம்மாவும் போன வாரம் போயிட்டாங்க. இதைவிடப் பத்திரமான சேகரம் அமையாது."

"அவ குரல் அதுல இருக்கா சார்?"

"பேட்டின்னா கேள்வி இருக்குமே" என்றார் தலைவர்.

எக்ஸ்ரேக்காரன் டப்பாவை மறந்துவிட்டான்.

அவனிடம் அவள் குரல் இல்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். குரலைச் சேமித்துவைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? வீட்டில் வீடியோ எடுக்கிறவள் அவள்தான். எடுக்கும்போது பேச மாட்டாள், பேசினால் கை ஆடும் என்பாள். எல்லா வீடியோவிலும் அவன்தான் அசடு வழியச் சிரித்துக்கொண்டு நிற்கிறான். அவள் போன் அன்றைய மழையில் அவளோடு விழுந்து சாக்கடையில் ஊறியது. அவள் தம்பி செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். அக்காவின் போனை அவன் திறந்து மூடாத வாரம் இல்லை. ஒன்றும் வரவில்லை.

அதைவிட மோசமான ஒன்று சமீபமாக நடந்துகொண்டிருந்தது. அவள் சொன்னதெல்லாம் எக்ஸ்ரேக்காரனுக்கு நினைவிருந்தது. 'குடையை எடுத்துக்கோங்க', 'மாவு மூட்டைக்குள்ள கைய விடாதீங்க', 'என்ன, பேச்சையே காணோம்?' எல்லாம் இருந்தது. ஆனால் எல்லாமே அவனுடைய குரலில் கேட்டது.

மறுநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் காப்பகத்துக்குப் போனான்.

"ஆக்கியவர் அனுமதி வேணும்" என்றார் கையுறை அம்மா.

"அவ இறந்துட்டாளே."

"தெரியும். அதனாலதான சேகரம் இங்க இருக்கு. ஆக்கியவர் இல்லன்னா வாரிசு அனுமதி குடுக்கலாம்."

"நான்தாங்க வாரிசு."

"அப்ப சுலபமாப் போச்சு. யாருக்கு அனுமதி குடுக்கறீங்க?"

"எனக்கு."

கையுறை அம்மா பென்சிலைக் கீழே வைத்தார். "உங்களுக்கு நீங்களே குடுத்துக்க முடியாது சார். அப்புறம் ஒவ்வொரு வாரிசும் கேக்க ஆரம்பிச்சிடுவாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வேற யாராவது கேக்கட்டும். அவங்களுக்கு நீங்க அனுமதி குடுங்க. நீங்க துணைக்கு வரலாம். விதியில இருக்கு" என்றார்.

அப்படித்தான் மைத்துனன் இதற்குள் வந்தான். வாய் ஓயாதவன். அக்காவின் சாவு வீட்டிலும் பந்தல்காரனோடு அவன்தான் சண்டை போட்டான், அழாமல் இருப்பதற்காக.

"அத்தான், எங்க அக்காவே உயிரோட எழுந்து வந்து கேட்டாலும் இவங்க அடையாள அட்டைதான் கேப்பாங்க" என்றான், படி இறங்கும்போதே.

"சும்மா வாடா."

"இல்ல, கேக்கறேன். நம்ம வீட்டுப் பொண்ணு பேசுனத நாம கேக்கறதுக்கு நான் எதுக்கு ஆராய்ச்சியாளர் ஆகணும்? பத்தாவதுல வரலாறு எனக்கு எவ்வளவு வந்துச்சுன்னு அக்காவுக்குத்தான் தெரியும்."

வாசகராகச் சேர அவனுக்குப் பயிற்சி தரப்பட்டது. காப்பகம் தொடங்கியதிலிருந்து அந்தப் பயிற்சிக்கு யாரும் வராததால் பயிற்சியாளர் ஆசையோடு நடத்தினார். எப்படி உட்கார்வது, நாற்காலியை எப்படித் தரையில் உரசாமல் நகர்த்துவது, தும்மல் வந்தால் எந்தத் திசையில் தும்முவது. கடைசியில் உறுதிமொழி: 'எதையும் தொடமாட்டேன், எதையும் திருப்பமாட்டேன், இயன்றவரை எதையும் படிக்கமாட்டேன்.' மைத்துனன் கை நீட்டி அதைச் சொன்னான். "இதே மாதிரிதான் சார் ஸ்கூல்லயும் இருந்தேன்" என்றும் சேர்த்துச் சொன்னான்.

உள்ளே நுழையும்போது வாசகரை எடை போடுவார்கள். வெளியே வரும்போதும் போடுவார்கள். பொருள் எதுவும் சட்டைக்குள் போய்விடக் கூடாதல்லவா? பயிற்சியின் நடுவே மைத்துனன் வெளியே போய் டீயும் பன்னும் சாப்பிட்டுவிட்டு வந்தான். முடிந்து கிளம்பும்போது எடை கூடியிருந்தது. காவலாளி கதவைச் சாத்தினார். சேகரங்கள் எல்லாவற்றையும் சரிபார்த்து ஒன்றும் குறையவில்லை என்று தெரிந்த பிறகும் அவர்களுக்குச் சந்தேகம் தீரவில்லை. டீக்கடைக்காரரிடமிருந்து எழுதி வாங்கி வந்த பிறகுதான் விட்டார்கள். அந்தச் சீட்டையும் அவர்கள் திருப்பித் தரவில்லை. அது சேகரமாகிவிட்டது.

எக்ஸ்ரேக்காரன் அனுமதியில் கையெழுத்துப் போட்டான். இனிக் கேட்க வேண்டியதுதான் என்று நினைத்தபோது, கையுறை அம்மா சங்கடத்தோடு ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். உள்ளே டேப் ரெக்கார்டர் இருந்தது. அவள் பேட்டி எடுத்த அதே ரெக்கார்டர். அதன் கைப்பிடியில் அவள் சுற்றிய பச்சை நூல்கூட இருந்தது.

"கேசட்டப் போட இது ஒண்ணுதான் இருக்கு. ஆனா இதுவும் அவங்க மேஜையில இருந்தது. அதனால இதுவும் சேகரம். சேகரப் பொருளை இயக்கக் கூடாது."

"அவ்வளவுதானே?" என்றான் மைத்துனன். "என் கடையில ஒண்ணு சும்மா கிடக்கு. நாளைக்குக் கொண்டு வரேன்."

கொண்டு வந்தான். அதைத் துடைத்து, பட்டையை மாற்றி, ஒரு துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். முகப்பு மேஜையில் வைத்தான். அடுத்த வாரம் போனபோது அதுவும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. 'நன்கொடை: உறவினர்' என்று கீழே எழுதியிருந்தது.

"என் மெஷினையும் முழுங்கிட்டாங்க அத்தான்" என்றான் மைத்துனன்.

கையுறை அம்மா மட்டும் அவர்களைப் படி வரை வழியனுப்ப வந்தார். எக்ஸ்ரேக்காரன் அவர் கைகளைப் பார்த்தான். "இதை எப்பவும் போட்டிருக்கணுமா?"

"எப்பவும். எங்க ஊழியர் தடம் எந்தப் பொருள் மேலயும் படக் கூடாது. நாளைக்கு ஒருத்தர் வந்து பாத்தா பொருள் மட்டும்தான் தெரியணும். பக்கத்துல ஒரு ஆள் இருந்ததே தெரியக் கூடாது. இங்க முதல் பாடமே அதுதான்." அவர் தன் கைகளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "இப்பல்லாம் வீட்டுலகூடக் கழட்டத் தோணறதில்ல."

இரண்டு மழைக்காலம் போயிற்று. எக்ஸ்ரேக்காரன் தினமும் ஆட்களை நிறுத்தி மூச்சைப் பிடிக்கச் சொன்னான். மாலையில் சமைத்தான், ஒருவனுக்குச் சமைக்க அளவு தெரியாமல் கொட்டினான். மனதுக்குள் அவள் பேசுவது இன்னும் அவன் குரலில்தான் கேட்டது. இப்போது அதில் அவனுடைய ஜலதோஷமும் சேர்ந்திருந்தது.

பிறகு காப்பக தின விழாவுக்கு அழைப்பு வந்தது. மேடையில் அவனுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். விழா அடித்தளத்திலேயே நடந்ததால், கைதட்டல் அதிர்வு பொருள்களுக்கு ஆகாது என்றார்கள். வந்தவர்களுக்கெல்லாம் கையுறை கொடுக்கப்பட்டது. கைதட்ட வேண்டிய இடத்தில் கையை உயர்த்தி அசைத்தால் போதும்.

தலைவர் பேசினார்.

"இந்தக் காப்பகம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை ஒரு பொருள்கூட வாசகர் கையால் சேதமடைந்ததில்லை. காரணம் எளிது. ஒரு வாசகரையும் நாம் பொருள் அருகே விட்டதில்லை."

வெள்ளைக் கைகள் அசைந்தன. ஒரு சத்தமும் இல்லை.

"வேறு சில காப்பகங்கள், எங்களிடம் இத்தனை பேர் வந்து படித்தார்கள் என்று பெருமை பேசுகின்றன. வீட்டில் இத்தனை முறை திருட்டுப் போனது என்று சொல்வது பெருமையா? இங்கே இருக்கும் எதையும் நான் படித்ததில்லை. தலைவராகப் பொறுப்பேற்ற அன்று எடுத்துக்கொண்ட விரதம் அது. படித்திருந்தால் எனக்கு ஒரு கருத்து உண்டாகியிருக்கும். கருத்து உள்ள ஒருவனிடம் காப்பகத்தை நம்பி ஒப்படைக்க முடியுமா? மக்கள் தங்கள் பொக்கிஷங்களை நம்பிக்கையோடு நம்மிடம் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கையையும் நாம் குளிர் அறையில்தான் வைத்திருக்கிறோம்."

கைகள் மறுபடியும் அசைந்தன. எக்ஸ்ரேக்காரனுக்கு, ஒரு கப்பல் கிளம்பும்போது கரையில் நிற்கிறவர்கள் நினைவுக்கு வந்தார்கள். கிளம்புவது தான்தான் என்றும் தோன்றியது.

"இன்று ஒரு நற்செய்தி. ஆட்சிக் குழுவின் சிறப்பு அனுமதியோடு, வெளியூர் நிறுவனம் ஒன்று நம் கேசட் சேகரத்தைக் கணினிப் பிரதி எடுக்கப்போகிறது. உலகத் தரத்தில், இரைச்சல் முழுவதும் நீக்கி, நம் விதிகளில் ஒன்றுகூடப் பிசகாமல். மறைந்த சகோதரியின் உழைப்பு இனி என்றென்றும் தெளிவாக ஒலிக்கும். சகோதரியின் கணவர் இங்கே இருக்கிறார். அவர் கண்ணில் நீர் இருப்பதைப் பாருங்கள்."

அவன் கண்ணில் நீர் எதுவும் இல்லை. குளிருக்கு மூக்கு மட்டும் ஒழுகியது. ஆனால் விழா முடிந்து மாடிப்படி ஏறும்போது அவனுக்கு உண்மையாகவே ஏதோ செய்தது. என்றென்றும் தெளிவாக ஒலிக்கும் என்று ஒரு மனிதர் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். அன்று இரவு அவன் இரண்டு பேருக்குச் சமைத்த அளவு சரியாக இருந்ததுபோல் இருந்தது.

பிரதி தயாராகிவிட்டது என்று செய்தி வந்த அன்று, மைத்துனன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். எடை போட்டார்கள். டீ குடிக்கவில்லை என்று உறுதிமொழி வாங்கினார்கள். கேட்போர் அறை என்று ஒன்று புதிதாகத் திறந்திருந்தார்கள். பெயிண்ட் வாசனை, ஒரு மேஜை, ஒரு கணினி, இரண்டு நாற்காலி. வாசகருக்கு ஹெட்போன் கொடுத்தார்கள். துணைக்கு வந்தவர் கேட்டுவிடக் கூடாது என்பதால் எக்ஸ்ரேக்காரனுக்குக் காதை அடைக்கும் தடித்த உறை கொடுத்தார்கள். விமான நிலையத்தில் ஓடுபாதை ஆட்கள் போட்டுக்கொள்வது.

"தலைவர் பேசும்போது மட்டும் நீங்க இதைக் கழட்டலாம்" என்றார் கையுறை அம்மா.

"எந்தக் கேசட் வேணும்?" என்று மைத்துனனிடம் கேட்டார்.

"கடைசி" என்றான் மைத்துனன், அத்தானைப் பார்த்துக்கொண்டே.

கடைசிக் கேசட் அவள் இறப்பதற்கு முந்தின நாள் எடுத்தது. எக்ஸ்ரேக்காரன் காதுறைக்குள் தன் ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, மைத்துனன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்காவின் குரல் கேட்டதும் அந்த முகம் எப்படி மாறும் என்று அவனுக்குத் தெரியும். அழுதாலும் அழுவான். அதைப் பார்க்கத் தயாராக இருந்தான்.

முகம் மாறவில்லை. நெற்றி சுருங்கியது. மைத்துனன் ஒரு காதுப் பக்கத்தைச் சரிசெய்தான். சத்தத்தைக் கூட்டினான். கொஞ்சம் முன்னே தள்ளிக் கேட்டான். இன்னும் கொஞ்சம் தள்ளினான். பிறகு அத்தானின் காதுறையை ஒரு பக்கம் தூக்கி, "அத்தான், அக்கா பேசவே மாட்டேங்குது" என்றான்.

அப்போதுதான் தலைவர் உள்ளே வந்தார். தன் காப்பகத்தில் ஒரு வாசகர் உட்கார்ந்திருப்பதை அவர் முதல்முறையாகப் பார்க்கிறார். கொஞ்சம் நடுங்கிப்போனாலும் சமாளித்துக்கொண்டார்.

"எப்படி? கண்ணாடி மாதிரி இல்ல?"

"அந்தப் பாட்டியம்மா பேசறது நல்லாக் கேக்குது சார்" என்றான் மைத்துனன். "எங்க அக்கா எங்க?"

"யாரு?"

"கேள்வி கேட்டவங்க சார். எங்க அக்கா."

"தெரியலையா?" தலைவர் முகம் மலர்ந்தது. "ஒரு இடத்துலகூடத் தெரியலையா? நல்லாத் தேடிப் பாத்தீங்களா?"

"இல்லவே இல்ல சார்."

"அதுக்குத்தான் இத்தனை மாசம் ஆச்சு" என்றார் தலைவர் நிம்மதியாக. "ரயில் சத்தம், மின்விசிறிச் சத்தம் எல்லாம் ஒரே நாள்ல எடுத்துட்டாங்க. உங்க அக்காவை எடுக்கறதுதான் கஷ்டமா இருந்திருக்கு. சும்மா இருக்க மாட்டாங்க போல. நடுநடுவுல ஒரு ம்ம், ஒரு சிரிப்பு. மூச்சுகூட விடாம எடுத்திருக்காங்க. அருமையான வேலை."

எக்ஸ்ரேக்காரன் காதுறையை முழுவதும் கழற்றினான். "எதுக்கு சார் எடுத்தீங்க?"

"அவங்க நம்ம ஊழியர்" என்றார் தலைவர், குழந்தைக்குச் சொல்வதுபோல. "ஊழியர் தடம் பொருள் மேல படக் கூடாது. விரல் ரேகை மாதிரிதான் குரலும். அவங்களுக்கும் பயிற்சி குடுத்திருக்கோம், பாவம், மறந்துட்டாங்க. ஆனா ஒண்ணு. நாங்க வெட்டி ஒட்டல. அவங்க பேசுன இடத்தையெல்லாம் அதே அளவுக்கு வெறுமையா விட்டிருக்கோம். நேரத்தைத் திருத்தறது நேர்மை இல்லையே."

"அசல் கேசட் இருக்குல்ல சார்?"

"பத்திரமா இருக்கு. குளிர் அறையில. டப்பாவுக்குப் பக்கத்துல."

"அதுல அவ பேசறது இருக்கும்."

"ஒரு வார்த்தை குறையாம இருக்கும்."

"அதைக் கேக்கலாமா?"

தலைவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். இவ்வளவு பயிற்சிக்குப் பிறகும் இப்படி ஒரு கேள்வியா என்ற வருத்தம். "பிரதி இருக்கும்போது அசலை யாரும் தொடக் கூடாது சார். அசலைத் தொடாம இருக்கத்தானே பிரதியே எடுக்கறோம்?"

"எப்பவுமேவா?"

"எப்பவுமே. அதுக்குப் பேருதான் காப்பகம்." அவன் தோளைத் தட்டப் போனவர், கையில் உறை இல்லாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "கவலைப்படாதீங்க. நானும் நீங்களும் போனதுக்கு அப்புறமும் அவங்க குரல் அப்படியே இருக்கும். எதிர்கால வாசகர்களுக்காக."

"அந்த எதிர்காலம் எப்ப சார் வரும்?" என்றான் மைத்துனன்.

"வந்துட்டா அது நிகழ்காலம் ஆயிடுமே" என்றார் தலைவர், சிரித்துக்கொண்டே. வெளியே போய்க் கதவை ஓசைப்படாமல் சாத்தினார்.

மைத்துனன் ஹெட்போனைக் கழற்றி அத்தானிடம் நீட்டினான். "நீங்க கேளுங்க. அந்தப் பாட்டியம்மா பேச்சுலயாவது அக்காவப் பத்தி ஏதாவது இருக்கும். என்னால முடியல."

துணைக்கு வந்தவர் கேட்கக் கூடாது. இருவரும் கையுறை அம்மாவைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார்.

"இந்த அலமாரியில தூசி இருக்கு" என்று யாருக்கோ சொன்னார். புது அலமாரி. அவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று அதைத் துடைக்க ஆரம்பித்தார்.

எக்ஸ்ரேக்காரன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான்.

ஒரு வயதான பெண் குரல். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் அவ்வளவு சுத்தம். எக்சேஞ்சில் இரவு முறைக்குப் போன கதை, இரண்டு பேரை இணைத்துவிட்டுத் தான் மட்டும் மௌனமாக விலகிக்கொள்ளும் பழக்கம், அப்படி ஒரு கல்யாணத்தையே கூட்டிவைத்த கதை. பதில்களுக்கு நடுவே எதுவும் இல்லை. மின்விசிறி இல்லை, தெரு இல்லை. எக்ஸ்ரேயில் எலும்பைச் சுற்றி இருக்கும் கறுப்பு மாதிரி ஒன்று.

"கொஞ்சம் நிறுத்தும்மா, முதல்ல சாப்பிடு. மணி என்ன ஆச்சு" என்றது குரல்.

ஒன்றுமில்லை.

"அட, வீட்டுக்காரரா சமைச்சுக் குடுத்தாரு? குடுத்து வெச்சவதான்டி நீ."

ஒன்றுமில்லை. சின்ன வெறுமை. அவள் தலையை மட்டும் ஆட்டியிருப்பாள்.

பிறகு அவள் சாப்பிடுவதை அந்த அம்மாள் எதிரில் உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டும். "ஏன்டி, பாதியில மூடிட்டே? நல்லா இல்லையா?"

ஒன்றுமில்லை.

"உப்பா? இவ்வளவு நேரம் ஒண்ணும் சொல்லாமச் சாப்பிட்டியே! சாயங்காலம் போய்ச் சொல்லிட வேண்டியதுதானே அவர்கிட்ட?"

எக்ஸ்ரேக்காரன் முன்னால் சாய்ந்தான். அன்று சாயங்காலம் அவள் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. வந்தாள், டப்பாவை ஆபீசிலேயே மறந்துட்டேன் என்றாள், படுத்தாள். காலையில் மழை.

கணினித் திரையில் குரல் அலையாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் அது நேர்கோடானது. கோடு ஓடிக்கொண்டே இருந்தது. இதுவரை வந்த வெறுமையிலேயே இதுதான் நீளமானது. ஆமாம், இல்லை என்பதற்கெல்லாம் இவ்வளவு இடம் வேண்டாம். அவனைப் பற்றி அவள் ஏதோ சொல்கிறாள். நிறுத்தி நிதானமாக, ஒரு கதை மாதிரி சொல்கிறாள். அவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான். தன் சத்தம் எதுவும் குறுக்கே வரக் கூடாது என்று பிடித்துக்கொண்டான். ஏதாவது ஒன்று தப்பியிருக்கும். எவ்வளவு நல்ல வேலைக்காரனும் எங்காவது கொஞ்சம் விட்டிருப்பான். ஒரு உதடு பிரியும் ஓசை, ஒரு வளையல்.

அருமையான வேலைதான். ஒன்றுமே இல்லை.

திடீரென்று அந்த அம்மாள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாள். மூச்சு வாங்கினாள். "அய்யோ, போதும்டி. இப்படியும் ஒரு மனுஷனா?" என்று மறுபடியும் சிரித்தாள்.

பிறகு குரல் தணிந்தது.

"சரி, சரி. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அந்த அம்மாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாள்.

அலமாரிப் பக்கமிருந்து கையுறை அம்மா, திரும்பாமலே, "சார், நேரம் ஆயிடுச்சு" என்றார். எக்ஸ்ரேக்காரனுக்கு அது கேட்கவில்லை. அவன் திரையில் ஓடிய கோட்டைப் பின்னால் இழுத்து, "அவர்கிட்ட?" என்ற இடத்தில் வைத்து, மறுபடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டான். விடச் சொல்ல அங்கே யாரும் இல்லை.